சேலத்து வீட்டுக்கு எந்தப் பஞ்சாங்கம்? வாக்கியம், திருக்கணிதம், தினசரி நாள்காட்டி, கைபேசிச் செயலி: ஓர் ஒப்பீடு

பங்குனி பிறந்தால் வரும் ஆண்டுக்கான பஞ்சாங்கங்கள் சேலம் கடைவீதிகளில் விற்பனைக்கு வந்துவிடும். அவற்றோடு, எதை வாங்குவது என்ற கேள்வியும் வாசகர்களிடமிருந்து தவறாமல் வரும். பாட்டி காலத்திலிருந்து வீட்டில் பார்ப்பது வாக்கிய வகையைச் சேர்ந்த பாம்புப் பஞ்சாங்கம். ஜாதகம் கணிப்பவரோ திருக்கணிதம்தான் சரி என்கிறார். சுவரில் நகைக்கடை கொடுத்த தினசரி நாள்காட்டி தொங்குகிறது. பிள்ளைகள் கைபேசியைப் பார்த்து இன்னொரு நேரம் சொல்கிறார்கள். இந்த நான்கும் எந்த இடத்தில், எவ்வளவு வேறுபடும் என்று தெரிந்துகொண்டால் தேர்வு கடினமன்று. பெரும்பாலான வீட்டுக் காரியங்களில் அந்த வேறுபாடு குறுக்கே வருவதேயில்லை. வருகிற சில இடங்களில் மட்டும் நாளையே மாற்றிவிடும் அளவுக்கு வருகிறது.

## எதைக் கொண்டு அளப்பது

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து அங்கங்களில் வாரத்தைப் பற்றி யாருக்கும் சண்டையில்லை. மற்ற நான்கும் சூரிய சந்திரர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி; அதில் பாதி ஒரு கரணம். சந்திரன் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை) கடந்தால் ஒரு நட்சத்திரம். இருவரின் நிலைகளையும் கூட்டி அதே 13 பாகை 20 கலையால் பகுத்தால் யோகம். சந்திரனின் வேகம் ஒரே சீராக இராததால் ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்திலும் முடியும், சில சமயம் 26 மணி நேரத்தைத் தாண்டியும் நீளும். ஆகவே சந்திரன் இருக்கும் இடத்தை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிடுகிறார்கள் என்பதே முதல் அளவுகோல்.

இரண்டாவது, ஊர். திதி முடியும் கணம் நாடு முழுவதற்கும் ஒன்றே. சூரிய உதயம் ஊருக்கு ஊர் வேறு. சேலத்தின் தீர்க்கரேகை ஏறக்குறைய 78 பாகை 9 கலை, சென்னையுடையது 80 பாகை 16 கலை. ஆண்டின் பருவத்தைப் பொறுத்து, சென்னையைவிட 6 முதல் 11 நிமிடம் தாமதமாகவே சேலத்தில் சூரியன் உதிக்கும். ஜூன் மாதக் கடைசியில் சென்னையில் 5.44, சேலத்தில் 5.55. அன்று விடியற்காலை 5.50க்கு ஏகாதசி முடிகிறது என்று வைத்துக்கொண்டால், சென்னையில் உதயத்தில் ஏகாதசி இருக்கும், சேலத்தில் இராது. உதய திதியைப் பார்த்து விரதம் இருப்பவருக்கு இது சிறிய விஷயமன்று.

மூன்றாவது, கூடி வாழ்பவர்களோடு ஒத்துப்போவது. புரோகிதர், குலதெய்வக் கோயில், சம்பந்தி வீடு ஆகிய மூவரும் ஒரு கணிதத்தைப் பின்பற்ற, நாம் மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் துல்லியம் இருந்தும் பயனில்லை. நான்காவது, வாசிக்க எளிதா என்பது. ஐந்தாவது, விலைச்சீட்டில் எழுதாத செலவு. இந்தக் கடைசி அளவுகோலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## வாக்கியப் பஞ்சாங்கம்

பூமிக்கு மிகத் தொலைவான இடத்திலிருந்து புறப்படும் சந்திரன் மீண்டும் அதே நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாட்கள் ஆகும். இப்படி ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் கிட்டத்தட்ட மிச்சமின்றி 248 நாட்கள். இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்ட முன்னோர், நாளுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்கள் செய்து, எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் சந்திரனின் நிலையை அவற்றுக்குள் அடக்கிவைத்தனர். மரபு இவற்றை வரருசி என்ற பழைய அறிஞரின் பெயரால் வழங்குகிறது. மனப்பாடம் செய்த வாக்கியங்களும் கூட்டல் கழித்தலும் போதும். ஓராண்டுப் பஞ்சாங்கத்தை ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தே கணித்துவிடலாம். பாம்புப் பஞ்சாங்கம், ஸ்ரீரங்கம் பஞ்சாங்கம் முதலியவை இந்த வழியில் வந்தவை.

இதன் குறை எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சூரியனின் ஈர்ப்பால் சந்திரனின் ஓட்டத்தில் ஏற்படும் வேறு சில அசைவுகள் வாக்கியங்களுக்குள் வரவில்லை. பழைய கணிதர்கள் தம் கணக்கைக் கிரகணங்களைக் கொண்டு சரிபார்த்தனர். கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே வரும். ஆகவே அந்த இரு நாட்களை ஒட்டி வாக்கியக் கணக்கு வானத்தோடு நன்றாகவே பொருந்துகிறது. பிறை பாதியாக இருக்கும் காலத்தில், அதாவது பஞ்சமி முதல் ஏகாதசி வரையிலான திதிகளில், பிழை இரண்டரைப் பாகை வரை வளர்ந்து, திதி முடியும் நேரம் திருக்கணிதத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரைகூடத் தள்ளிப்போகலாம். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு இரண்டு பஞ்சாங்கமும் பெரும்பாலும் ஒரே நாளைச் சொல்வதும், சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் சில மாதங்களில் மாறி நிற்பதும் இதனால்தான்.

கிரகங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது, குறிப்பாகச் சனியில். ஒரு பாகையைக் கடக்கச் சராசரியாக ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் கிரகத்தில் சில பாகைப் பிழை பல மாதங்களாகிவிடும். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று கும்பத்துக்கு வந்த சனி, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20 அன்றுதான் வந்தார். திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்ததும் டிசம்பரில்தான். குருப்பெயர்ச்சியில் இவ்வளவு இராது: 2025இல் வாக்கியம் மே 11, திருக்கணிதம் மே 14.

மறைமுகச் செலவு வாசிப்பில் இருக்கிறது. புத்தகத்தில் ஒரு நாளின் வரிசையில் திதிக்கு நேரே 22.30 என்று இருந்தால் அது இரவு பத்தரை மணியன்று. உதயத்திலிருந்து 22 நாழிகை 30 விநாழிகை என்று பொருள். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே 9 மணி நேரம். இதை எந்த ஊர் உதயத்தோடு கூட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். புத்தகம் எந்த ஊரை வைத்துக் கணிக்கப்பட்டதோ அந்த ஊர் உதயத்தோடுதான் கூட்ட வேண்டும். சென்னைக்குக் கணித்த புத்தகமானால் ஜூனில் 5.44ஓடு 9 மணி நேரம் கூட்டிப் பிற்பகல் 2.44, சேலத்தின் 5.55ஐக் கூட்டினால் 11 நிமிடப் பிழை. ஊர்ப்பெயர் முன்பக்கங்களில் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கும்போதே தேடிப் பார்த்துவிடுவது நல்லது. மணிக்கணக்கையும் சேர்த்து அச்சிடும் பதிப்பு கிடைத்தால் கூடுதலாகச் சில ரூபாய் கொடுத்தாவது அதையே வாங்கலாம்.

வீட்டுப் புரோகிதரும் குலதெய்வக் கோயிலும் வாக்கியம் பார்ப்பவர்களாக இருந்தால், விரதம், திவசம், கோயில் நாள் ஆகியவற்றுக்கு இதை விட்டு வேறு தேட வேண்டியதில்லை.

## திருக்கணிதப் பஞ்சாங்கம்

வானத்தில் கண்ணால் காண்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது இதன் கொள்கை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதற்காகவே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டு, மரபினரின் எதிர்ப்பையும் சந்தித்தார். விடுதலைக்குப் பின் மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை தந்தது. 1957 முதல் மத்திய அரசு வெளியிடும் ராஷ்டிரிய பஞ்சாங்கம் அந்த வழியில் வந்தது. அக்குழுவின் செயலாளராக இருந்த லாகிரியின் பெயரால் வழங்கும் அயனாம்சத்தையே இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் கையாள்கின்றன. வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடத்துக்கும் ராசிச் சக்கரத்தின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியே அயனாம்சம்; இன்று அது ஏறத்தாழ 24 பாகை.

துல்லியத்தில் இதற்கு நிகர் இல்லை. பிறந்த நேரத்தைக் கொண்டு ஜாதகம் கணிப்பதற்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். காரணம் ஒரு சிறு கணக்கு. சந்திரன் நிற்கும் இடத்தில் 2 பாகை மாறினால், அது ஒரு நட்சத்திரத்தில் நூற்றுக்கு 15 பங்கு. பரணியில் பிறந்த குழந்தைக்கு 20 ஆண்டுச் சுக்கிர தசையில் இருப்பு, அதாவது பிறப்புக்குப் பின் மீதியுள்ள காலம், 3 ஆண்டு கூடும் அல்லது குறையும். நட்சத்திரத்தின் விளிம்பில் பிறந்தவருக்கு நட்சத்திரமே மாறிவிடும். தசாபுக்தியை நம்புகிறவர், நம்புகிற அளவுக்காவது சரியான இடத்திலிருந்து தொடங்க வேண்டாமா?

இதன் மறைமுகச் செலவு உறவுகளில் விழுகிறது. ஊர்க்கோயிலில் சஷ்டி இன்று, நம் வீட்டில் நாளை என்று வரும் மாதங்கள் இருக்கும். வாக்கியம் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டும். பெண் வீட்டார் வாக்கியத்திலும் பிள்ளை வீட்டார் திருக்கணிதத்திலும் கணித்த ஜாதகங்களை அருகருகே வைத்துப் பொருத்தம் பார்ப்பதும் நடக்கிறது. இரண்டு அளவுகோலால் அளந்த துணியைச் சேர்த்துத் தைப்பதைப் போன்றது அது. பொருத்தம் பார்க்கும் முன் இரண்டு ஜாதகத்தையும் ஒரே கணிதத்தில் புதிதாகப் போட்டுக்கொள்ளும்படி கேட்டால் எந்த ஜோதிடரும் மறுக்க மாட்டார்.

## தினசரி நாள்காட்டி

இலவசமாகக் கிடைப்பதாலும் மணிக்கணக்கில் இருப்பதாலும் பெரும்பாலான வீடுகளில் நடைமுறைப் பஞ்சாங்கம் இதுவே. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் என்று அன்றைக்கு வேண்டியவை ஒரே தாளில் இருக்கும். கடை திறக்கவும் ஊருக்குப் புறப்படவும் இது போதும்.

ஆனால் ராகு காலத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். திங்கள் 7.30 முதல் 9, வெள்ளி 10.30 முதல் 12 என்று ஆண்டு முழுவதும் மாறாமல் அச்சிடுவது, சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறையும் என்ற பொதுக் கணக்கு. விதிப்படி பகல் பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். சேலத்தில் ஜூன் கடைசியில் பகல் 5.55 முதல் 6.43 வரை; ஒரு பங்கு 96 நிமிடம். அன்று ஞாயிறானால் எட்டாம் பங்கான ராகு காலம் மாலை 5.07 முதல் 6.43 வரை, தாளில் இருப்பதோ 4.30 முதல் 6. டிசம்பர் கடைசியில் உதயம் 6.32, அஸ்தமனம் 5.58, திங்களன்று ராகு காலம் 7.58க்குத் தொடங்கி 9.24க்கு முடியும். தாளைப் பார்த்து 9 மணி கடந்துவிட்டது என்று 9.10க்குப் புறப்படுகிறவர், விதிப்படி ராகு காலத்தில்தான் புறப்படுகிறார். பொது நேரத்தையே முறையாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதிலும் தவறில்லை, இரண்டையும் கலக்காதவரை.

மலைகளைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. பஞ்சாங்க உதயம் தட்டையான அடிவானத்துக்குக் கணித்தது. சுற்றிலும் மலைகள் நிற்கும் சேலம் நகரத்தில் கதிர் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். ஏற்காட்டின் உயரத்தில் கிழக்கு திறந்த இடத்தில் நிற்பவருக்குச் சமவெளியைவிட ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாகவே தெரியும். கணக்குக்கு இரண்டையும் கொள்வதில்லை.

நாள்காட்டியின் பெரிய குறை வேறு. எந்தப் பஞ்சாங்கத்தை ஒட்டியது என்று பலவற்றில் போட்டிருக்காது; போட்டிருந்தாலும் முதல் அட்டையில் இருக்கும், அதைத் தை மாதத்திலேயே கழற்றிப் போட்டிருப்போம். அதைவிட, கிழித்த தாள் போனது போனதுதான். வீட்டில் ஒருவர் காலமானால், மாதம், பட்சம், திதி ஆகிய மூன்றும் அடுத்த ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் தேவைப்படும். அந்த வாரமே அவற்றைக் குறித்துவைக்காத குடும்பம் ஆண்டு முடிவில் பழைய பஞ்சாங்கம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

## கைபேசிச் செயலி

சேலம் என்று ஊரைக் கொடுத்துவிட்டால் உதயம், ராகு காலம், திதி முடிவு எல்லாம் சேலத்துக்கே வரும். இந்த ஒரு வசதி அச்சுப் புத்தகம் எதிலும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளின் திதியும் நொடியில் கிடைக்கும். கணிதம் பெரும்பாலும் திருக்கணிதமே.

அமைப்புகளில் மூன்றைப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. ஒன்று, ஊர். முதலில் நிறுவும்போது சென்னையோ தில்லியோ தானாக நின்றிருக்கலாம். இரண்டு, அயனாம்சம். லாகிரியிலிருந்து ராமன் என்ற இன்னோர் அயனாம்சத்துக்கு மாற்றினால் நட்சத்திரம் முடியும் நேரம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நகரும். திதியும் கரணமும் அசையாது, ஏனெனில் அவை சூரிய சந்திரர் இருவருக்கும் இடையிலான தூரத்தை மட்டுமே பார்க்கின்றன. ஆகவே திதி பொருந்தி நட்சத்திரம் மட்டும் பொருந்தாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த அமைப்பை. மூன்று, மாதக் கணக்கு. வடநாட்டு வழக்கில் மாதம் பௌர்ணமியோடு முடியும். அதில் தேய்பிறை அடுத்த மாதத்தின் பெயரைப் பெற்றுவிடும். நம் மகாளய பட்சம் புரட்டாசியில் அமைய, தெலுங்கு, கன்னட வழக்கு அதைப் பாத்ரபதத் தேய்பிறை என்றும், வடநாடு ஆசுவினத் தேய்பிறை என்றும் சொல்லும்.

விளம்பரமும் கட்டணப் பலன்களும் தொல்லை. சேர்வராயன் மலையில் சில எஸ்டேட்டுகளில் சிக்னல் கிடைப்பதே அரிது. இணையமின்றி இயங்கும் செயலியா என்று கீழே இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

| அளவுகோல் | வாக்கியம் | திருக்கணிதம் | தினசரி நாள்காட்டி | செயலி |
|---|---|---|---|---|
| அமாவாசை, பௌர்ணமி | நன்று | மிக நன்று | மூலத்தைப் பொறுத்தது | மிக நன்று |
| பஞ்சமி முதல் ஏகாதசி வரை | சில மணி நேரம் விலகலாம் | மிக நன்று | மூலத்தைப் பொறுத்தது | மிக நன்று |
| சேலத்து உதயம் | நாமே திருத்த வேண்டும் | நாமே திருத்த வேண்டும் | கிடையாது | தானாக வரும் |
| கோயில், புரோகிதர் ஒத்துப்போதல் | பல இடங்களில் உண்டு | கேட்டறிய வேண்டும் | மூலத்தைப் பொறுத்தது | குறைவு |
| பழைய நாளைத் தேடுதல் | புத்தகம் இருந்தால் | புத்தகம் இருந்தால் | இயலாது | எளிது |

## எந்தக் காரியத்துக்கு எது

சூரிய மாதத் தேதியை ஒட்டிய பண்டிகைகளுக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவதற்கும் ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போவதற்கும் நான்கும் ஒரே நாளைத்தான் பெரும்பாலும் காட்டும். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்பானால் அன்றே மாதப் பிறப்பு, பின்பானால் மறுநாள் என்பது தமிழ் விதி. மாறும் நேரம் அந்திக்கு மிக அருகில் விழும் ஆண்டுகளில் மட்டும் ஒரு நாள் வேறுபாடு எழலாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குக் கோயில் அறிவிப்பே போதும்.

திவசத்துக்குப் பிற்பகலில் திதி இருக்க வேண்டும். நடத்திவைப்பவர் எந்தப் பஞ்சாங்கமோ அதுவே உங்களுடையதும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றக் கூடாது. ஒரே தமிழ் மாதத்தில் அந்தத் திதி இருமுறை வந்தால் பெரும்பாலோர் இரண்டாவதைக் கொள்வார்கள். அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். விநாயகர் சதுர்த்திக்கு நண்பகல் திதி, பிரதோஷத்துக்கு மாலைத் திரயோதசி என்று ஒவ்வொன்றுக்கும் வேளை வேறு. இவற்றை முடிவு செய்து அச்சிட்டிருப்பதால் புத்தகத்தின் பண்டிகைப் பட்டியலைப் பின்பற்றுவது, செயலியில் திதியை மட்டும் பார்த்து நாமே நாள் குறிப்பதைவிடப் பாதுகாப்பானது.

ஜாதகத்துக்குத் திருக்கணிதம், அன்றாட நேரங்களுக்கு ஊர் குறித்த செயலி, விரதத்துக்கும் திவசத்துக்கும் புரோகிதரின் பஞ்சாங்கம் என்று பிரித்துக்கொள்வதில் முரண் ஏதுமில்லை. ஒரு காரியத்துக்குள் இரண்டைக் கலந்து, வசதியான நேரம் எதில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வதுதான் சரியன்று.

தெலுங்கோ கன்னடமோ பேசும் சேலத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு கவனம் தேவை. யுகாதி முதல் அவர்கள் கணக்கு சந்திர மாதத்தில் ஓடுவதால், சூரியன் ஒரு ராசியில் இருக்கும்போதே இரண்டு அமாவாசைகள் முடிந்தால் ஓர் அதிக மாதம் வரும். 2026 மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜேஷ்டம். தமிழ் மாதத்தில் அது ஏறக்குறைய முழுவதும் வைகாசிக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ் வழக்கிலும் இரண்டு அமாவாசை விழும் மாதத்தை மல மாதம் என்று சிலர் விலக்குவார்கள், சிலர் பொருட்படுத்துவதில்லை. இப்படிப்பட்ட இரு வீடுகள் சம்பந்தம் பேசும்போது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், இரு மாதக் கணக்கையும் அச்சிட்ட பஞ்சாங்கம் ஒன்றை நடுவில் வைத்துப் பேசிவிடுவது நல்லது.